வெளிநாடு போன பிள்ளைகள் திரும்பி வர அரசு என்ன செய்கிறது?

திருச்சி காந்தி மார்க்கெட் மண்டிகளில் விடிவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். லோடு இறங்கி, விலை பேசி, சிட்டை எழுதி முடித்த பிறகு டீ வரும். அந்த டீ நேரத்துப் பேச்சில் வெங்காய விலைக்கு அடுத்தபடியாக இப்போது அடிபடுவது பிள்ளைகளின் வெளிநாட்டுப் படிப்பு. "பையனுக்கு ஐ-20 வந்துருச்சாண்ணே?" என்று ஒருவர் விசாரிப்பார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்ததற்கு அத்தாட்சியாக அனுப்பும் படிவம்தான் ஐ-20. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாணவர் விசாவுக்குப் போக முடியும். கமிஷன் மண்டிக்காரர்களுக்கு அந்தப் பெயர் பழகிப்போய்விட்டது. அடுத்த கேள்வியும் தவறாமல் வரும்: "போறவன் திரும்பி வருவானா?"

வீட்டார் கேட்கும் இதே கேள்வியை அரசும் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. 2024 தொடக்கத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் கணக்குப்படி 13 லட்சத்துக்கும் அதிகமான இந்திய மாணவர்கள் வெளிநாடுகளில் படித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 2024-25 கல்வியாண்டில் 3.63 லட்சம் பேர். எண்ணிக்கை ஒருபுறம் இருக்க, யார் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2010-ல் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் முதல் 1,000 இடங்களைப் பிடித்தவர்கள் பின்னாளில் எங்கே இருக்கிறார்கள் என்று பொருளாதார ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். அவர்களில் 36 சதவீதம் பேர் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். முதல் 100 பேரை மட்டும் எடுத்தால் 62 சதவீதம். தரவரிசையில் மேலே போகப் போக, விமானம் ஏறுவோர் விகிதமும் கூடுகிறது.

இது புதிய கதை இல்லை. திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி.ராமனை இங்கிலாந்தின் குளிருக்கு உடம்பு தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். கல்கத்தாவில் இருந்தபடியே ஆய்வு செய்து 1930-ல் நோபல் பரிசு வாங்கினார். அதே 1930-ல் அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். பிறகு அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். 1983-ல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது, அமெரிக்கக் குடிமகனாக.

இவர்களைவிட நம் பேச்சுக்குப் பொருத்தமானவர் ஹர் கோவிந்த் கொரானா. இந்திய அரசின் பணத்தில் லிவர்பூலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1949-ல் ஊருக்குத் திரும்பி வந்தார். அவருக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. மறுபடியும் இங்கிலாந்து போனார், அங்கிருந்து கனடா, பிறகு அமெரிக்கா. 1968-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அனுப்பிவைத்ததும் அரசுதான். வந்தவருக்கு உட்கார நாற்காலி போட மறந்ததும் அதே அரசுதான்.

இந்த மறதிக்கு மருந்தாக 1958-ல் 'விஞ்ஞானிகள் தொகுப்பு' என்ற திட்டத்தை அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் (சி.எஸ்.ஐ.ஆர்.) தொடங்கியது. வெளிநாட்டில் படித்துத் திரும்புபவருக்கு நிரந்தர வேலை கிடைக்கும்வரை தற்காலிகமாக ஒரு பணியும் சம்பளமும் தருவது அதன் நோக்கம். நல்ல யோசனைதான். ஆனால் தற்காலிகம் முடிந்ததும் நிரந்தரம் எங்கே என்ற கேள்வி அப்படியே நின்றது. இன்றைய திட்டங்களிலும் அந்தக் கேள்வி தீரவில்லை.

அரசுகள் உலகெங்கும் கையாளும் முறைகளில் மிகப் பழையது கட்டுப்பாடு: 'எங்கள் பணத்தில் படித்தால் திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டு' என்ற ஒப்பந்தம். சிங்கப்பூர் அரசு உதவித்தொகைகளில் இது கண்டிப்பாக அமலாகிறது. 1998-ல் ஒப்பந்தத்தை முறித்தவர்களின் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிடும் அளவுக்கு அங்கே போனார்கள். கஜகஸ்தான் 1993-ல் தொடங்கிய 'போலாஷாக்' திட்டத்தில் குடும்பச் சொத்தை ஈடாகக் கேட்கிறார்கள். படித்து முடித்தவர் 5 ஆண்டுகள் வரை சொந்த நாட்டில் வேலை பார்க்க வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்களும் விரிவுரையாளர்களை ஒப்பந்தம் போட்டுத்தான் மேல்படிப்புக்கு அனுப்புகின்றன. ஆனாலும் திரும்பாதவர்கள் அங்கே ஏராளம். இலங்கை ரூபாயின் மதிப்பு விழுந்த பிறகு, டாலரில் சம்பாதிப்பவருக்கு ஒப்பந்தத் தொகையைக் கட்டிவிட்டுப் போவது பெரிய காரியமாகத் தெரிவதில்லை.

இந்தியா முயன்ற ஒரு கட்டுப்பாடு மருத்துவர்களுக்கானது. அமெரிக்காவில் மேற்பயிற்சிக்குப் போகும் மருத்துவர்கள் பெரும்பாலும் ஜே-1 விசாவில் போவார்கள். பயிற்சி முடிந்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது அந்த விசாவின் விதி. 'இவர் திரும்பி வராவிட்டாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று தாய்நாடு சான்றிதழ் கொடுத்தால் மற்ற ஜே-1 விசாக்காரர்கள் விலக்குக் கேட்கலாம்; மருத்துவப் பயிற்சிக்குப் போனவர்களுக்கு அமெரிக்கச் சட்டப்படி அந்த வழி கிடையாது. அந்தச் சான்றிதழை மருத்துவர்களுக்குத் தருவதை 2011-ல் இந்திய அரசும் நிறுத்தியது. ஆனால் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் 3 ஆண்டு வேலை செய்தால் விலக்குப் பெறும் வேறு வழி அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே மூடியிருந்த முன்வாசலை நாமும் அடைத்தோம், அவர்கள் பக்கத்து வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

அது போகட்டும். சொந்தப் பணத்திலோ வங்கிக் கடனிலோ போகிறவரை எந்த ஒப்பந்தமும் கட்டாது. காந்தி மார்க்கெட் குடும்பங்கள் போன்றவை எல்லாம் இந்த வகைதான். 1970-களில் பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி, வெளிநாட்டில் சம்பாதிக்கும் படித்தவர்களிடம் ஒரு வரி வாங்கித் தாய்நாட்டுக்குத் தரலாம் என்றார். பெரிய விவாதம் நடந்தது, வரி வரவில்லை.

எனவே அரசு பெரும்பாலும் நம்பியிருப்பது ஊக்கத்தொகைகளை. முக்கியமானவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் தகுதியுள்ள பலருக்கே இவை இருப்பது தெரியாது. வெளிநாட்டில் இருக்கும் இளம் இந்திய விஞ்ஞானிகளுக்கு 'ராமானுஜன் ஆய்வுதவி' உண்டு. 5 ஆண்டுகள், மாதம் 1.35 லட்சம் ரூபாய், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 7 லட்சம், வயது வரம்பு 40. உயிரியல் துறையினருக்கு உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-07 முதல் தரும் 'ராமலிங்கசுவாமி' ஆய்வுதவி இருக்கிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர் ஃபேக்கல்டி' மாதம் 1.25 லட்சம் தருகிறது. அதற்கு வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 32 என்பதால், மேலாய்வு முடித்துவிட்டு நிதானமாகத் திரும்பலாம் என்று இருப்பவருக்குக் கதவு சாத்திவிடும்.

பணம் மோசமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இவை எல்லாமே 5 ஆண்டுக் கெடு உள்ளவை. ஆறாம் ஆண்டு வேலை யார் தருவது? ஐ.ஐ.டி.யோ, துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி.யோ இடம் கொடுத்தால் பிழைத்தோம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. அரசுக் கல்லூரி வகுப்புகளைத் தாங்கிப் பிடிப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்களும் அதில் இருக்கிறார்கள். தமிழக அரசுக் கல்லூரியில் அவர்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 25,000 ரூபாய். ஒரு கையால் 1.35 லட்சம் கொடுத்து அழைத்துவிட்டு, மறு கையால் 25,000 ரூபாய் வேலையைக் காட்டினால் எவர் வருவார்?

வரவே வேண்டாம், அவ்வப்போது வந்து போனால் போதும் என்று நினைக்கும் திட்டங்களும் உண்டு. 2017-ல் வந்த 'வஜ்ரா' திட்டத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் ஆண்டுக்கு 1 முதல் 3 மாதம் இங்கே வந்து ஆய்வு நடத்தலாம். முதல் மாதத்துக்கு 15,000 டாலர், அடுத்த மாதங்களுக்கு 10,000 டாலர். 2023-ல் அறிவித்த 'வைபவ்' திட்டம் இந்திய வம்சாவளி விஞ்ஞானிகளுக்கானது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மாதம் வந்தால் மாதம் 4 லட்சம் ரூபாய். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆள் அங்கே இருந்தாலும் அவரிடம் படிக்க இங்கிருந்து மாணவர் போகலாம், கூட்டாக ஆய்வு எழுதலாம். ஆனால் எத்தனை விஞ்ஞானிகளுக்கு இது எட்டுகிறது என்று பார்த்தால், 13 லட்சம் மாணவர்களுக்கு முன்னால் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

போகிற தேவையையே குறைப்பது இன்னொரு வழி. 2018-ல் தொடங்கிய பிரதமர் ஆய்வுதவித்தொகை வெளிப்படையாகவே இந்த நோக்கத்தோடு வந்தது. நல்ல மாணவர்கள் முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போகாமல் இங்கேயே சேர, முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 70,000, பிறகு கூடுதலாகிக் கடைசியில் 80,000 ரூபாய். 2024 நவம்பரில் ஒப்புதலான 'பி.எம். வித்யாலட்சுமி' திட்டத்தில், தேர்ந்தெடுத்த 860 உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவருக்கு ஈடு இல்லாமல் கல்விக்கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் கிடைக்கும். இது உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக்கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களே இந்தியாவில் கிளை திறக்க 2023-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் (யு.ஜி.சி.) விதிகள் வகுத்தது. ஆஸ்திரேலியாவின் டீக்கின், உல்லங்காங் பல்கலைக்கழகங்கள் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலும், பிரிட்டனின் சவுதாம்ப்டன் குருகிராமிலும் வந்துவிட்டன. இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வெளிநாடு போகும் பிள்ளை பட்டத்துக்காக மட்டும் போவதில்லை, பட்டத்துக்குப் பிறகு அங்கே கிடைக்கும் வேலை விசாவுக்காகவும் போகிறது. குருகிராமில் படித்தால் அந்த விசா கிடைக்காது.

இடத்தைக் கட்டிவைத்தால் மட்டும் ஆட்கள் வரமாட்டார்கள் என்பதற்கு உள்ளூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. காந்தி மார்க்கெட்டின் நெரிசலைத் தீர்க்க மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் பல கோடி செலவில் அரசு ஒரு பெரிய மொத்தச் சந்தை கட்டியது. 2017-ல் திறந்தார்கள். கடைகள் இருந்தன, வாகனம் நிறுத்த இடமும் இருந்தது. வியாபாரிகள் போகவில்லை. வாங்குகிறவன் எங்கே இருக்கிறானோ அங்கேதானே விற்கிறவன் இருப்பான்? சில்லறை வியாபாரி, சுமை தூக்குபவர், கடன் கொடுக்கல் வாங்கல் எல்லாம் மார்க்கெட்டைச் சுற்றியே இருந்தன. கொரோனா காலத்தில் ஜி கார்னர் மைதானத்துக்குப் போன மொத்த வியாபாரமும் பிறகு பழைய இடத்துக்கே திரும்பியது. திரும்பி வரும் விஞ்ஞானிக்கு ஆய்வுதவி கொடுப்பதும் இப்படித்தான். கட்டடம் மட்டும் போதாது. நல்ல மாணவர்கள், நேரத்துக்கு வரும் ரசாயனமும் கருவியும், ஆய்வை வாங்கிப் பொருளாக்கும் கம்பெனி என்று சுற்றுவட்டாரமே வேண்டும்.

அந்தச் சுற்றுவட்டாரத்தை உருவாக்கிய நாடுகளுக்குத்தான் ஆட்கள் திரும்பினார்கள். தென்கொரியா 1966-ல் 'கிஸ்ட்' என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, அமெரிக்காவில் இருந்த கொரிய விஞ்ஞானிகளை உள்ளூர்ப் பேராசிரியர்களை மிஞ்சிய சம்பளத்துக்குக் கூப்பிட்டது. தைவான் 1980-ல் சிஞ்சு அறிவியல் பூங்காவைத் திறந்தது. அமெரிக்காவில் நெடுங்காலம் வேலை பார்த்த மோரிஸ் சாங்கை 1985-ல் அரசு அழைத்தது. 1987-ல் அவர் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. இன்று உலகின் சிப் தொழிலையே தாங்குகிறது. சீனா 2008-ல் 'ஆயிரம் திறமையாளர்' திட்டத்தில் வருகிறவருக்கு 10 லட்சம் யுவான் கொடுத்தது. அதைவிட முக்கியம், கூடவே ஆய்வகங்களையும் கட்டியது. தென்கொரியா தன் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. இந்தியா செலவிடுவது 0.64 சதவீதம். தனியார் ஆராய்ச்சியை ஊக்குவிக்க 2025-ல் மத்திய அரசு 1 லட்சம் கோடி ரூபாய் நிதியம் ஒன்றை அறிவித்திருக்கிறது. அது எவ்வளவு வேகமாகக் கம்பெனிகளுக்குப் போய்ச் சேருகிறது என்பதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இதுவரை சொன்ன ஊக்கத்தொகைகள் பெரும்பாலும் முனைவர் பட்டக்காரர்களுக்கு. காந்தி மார்க்கெட்டிலிருந்து போகிற பிள்ளையோ பெரும்பாலும் 2 வருட எம்.எஸ். படிக்கத்தான் போகிறது. அந்தப் பிள்ளையின் கையைக் கட்டுவது எது? கடன்தான்.

சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 லட்ச ரூபாய் கடன், 10.5 சதவீத வட்டி, 15 ஆண்டுத் தவணை. மாதம் சுமார் 44,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டியை இன்னும் சேர்க்கவில்லை. பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் ஈடு கேட்கும், அதாவது வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும். திருச்சியில் நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவர் 44,000 தவணை கட்டினால் சாப்பாட்டுக்கு என்ன மிஞ்சும்? ஆகவே, நாட்டுப்பற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாலர் சம்பளம் வாங்கும்வரை அந்தப் பிள்ளை திரும்ப முடியாது. கடன் முடியும்போது அங்கே குடும்பம், குழந்தை, பள்ளிக்கூடம் என்று வேர் விட்டிருக்கும். திரும்பி வருவதைப் பற்றிப் பேசும் அரசுத் திட்டங்கள் இந்தக் கடனைக் கண்டுகொள்வதே இல்லை.

கொலம்பியா கண்டுகொண்டது. அங்கே 'கோல்ஃபுத்துரோ' என்ற அமைப்பு அரசு ஆதரவோடு வெளிநாட்டு மேல்படிப்புக்குக் கடன் கொடுக்கிறது. படித்து முடித்து நாட்டுக்குத் திரும்பித் தங்கினால் கடனில் பாதி வரை தள்ளுபடி. மலேசியா வேறு விதமாகச் செய்கிறது. வெளிநாட்டில் வேலை பார்த்த நிபுணர் திரும்பினால் 5 ஆண்டுகளுக்கு வருமான வரி ஒரே சீராக 15 சதவீதம். இரண்டுமே, 'நீ வந்தால் இது உன் கையில் மிஞ்சும்' என்று கணக்காகக் காட்டும் முறை.

தமிழக அரசின் 'அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை'யை இந்தப் பட்டியலில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்ச ரூபாய் வரை தரும் திட்டம் அது. மத்திய அரசு 1954-55 முதல் நடத்தும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் அதே வழிதான், ஆண்டுக்கு 125 பேருக்கு. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடமே மறுக்கப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் உலகின் சிறந்த பல்கலைக்கழகத்துக்குப் போவதே ஒரு பலன். 'திரும்பி வந்தாயா?' என்ற கேள்வியை முதலில் அவரிடம் கேட்பது நியாயமில்லை. பொதுவாகவே போனவர்களால் நாட்டுக்கு நஷ்டம் மட்டும் என்று சொல்லவும் முடியாது. 2024-ல் வெளிநாட்டு இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது.

திரும்ப விரும்புகிறவரையே வாசலில் நிறுத்திவைக்கும் விதிகளும் நம்மிடம் உண்டு. மருத்துவம்தான் இதில் கடினம். 2021 நவம்பர் விதிகளின்படி, வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். குறைந்தது 54 மாதம், ஒரே கல்லூரியில், ஆங்கில வழியில் படித்ததாக இருக்க வேண்டும். 12 மாதப் பயிற்சியையும் அதே கல்லூரியில் முடிக்க வேண்டும். பிறகு இங்கே தகுதித் தேர்வு, மறுபடியும் 12 மாதப் பயிற்சி. தரம் பார்ப்பது அவசியம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏஜென்ட் பேச்சை நம்பி முன்பணம் கட்டிய பிறகுதான் பல குடும்பங்களுக்கு இந்த விதிகளே தெரியவருகின்றன. 2022-ல் உக்ரைன் போரால் படிப்பைப் பாதியில் விட்டு வந்த ஆயிரக்கணக்கான மாணவர்கள், 'ஒரே கல்லூரி' என்ற விதியால் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். மற்ற பட்டங்களுக்கு இணைச்சான்று தரும் பொறுப்பை 2025 ஏப்ரல் விதிகள் மூலம் யு.ஜி.சி. எடுத்துக்கொண்டிருக்கிறது. மருத்துவம், சட்டம், நர்சிங் போன்றவை அந்தந்தக் கவுன்சில்களிடமே இருக்கின்றன.

இப்போது நிலைமை வேறு பக்கத்திலிருந்து மாறுகிறது. 2024 ஜனவரியில் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா, வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் எச்-1பி வேலை விசா ஊழியருக்கு நிறுவனம் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது. பிரிட்டன் படிப்புக்குப் பிந்தைய வேலைக் காலத்தை 2027 முதல் 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைக்கிறது. நம் திட்டங்களால் வராதவர்கள் அவர்கள் கெடுபிடியால் வரப்போகிறார்கள், அதுவும் கடன் பாக்கியோடு.

ஆகவே இந்த வருடம் பிள்ளையை அனுப்பும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன், டாலர் சம்பளத்தை வைத்துப் போட்ட கணக்கைத் திருச்சிச் சம்பளத்தை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று யு.ஜி.சி. அல்லது உரிய கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள், கன்சல்டன்சிக்காரர் சொல்லைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளையென்றால் 32, 40 என்ற வயது வரம்புகளை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். அயலகத் தமிழர்களுக்கென்று தனி நாள் கொண்டாடி, தனி வாரியமும் நடத்தும் தமிழக அரசு, திரும்பி வந்து தமிழ்நாட்டில் வேலைக்குச் சேரும் மாணவரின் கல்விக்கடன் வட்டியில் பாதியை 5 ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ளட்டும். முதலில் ஆயிரம் பேரை வைத்துத் தொடங்கினாலும் போதும்.